முந்நூற்றுக்குக் கீழே

ஆறு வருடங்கள் டெல்பின் மனித எச்சிலோடு மல்லுக்கட்டினாள். சென்னையில் அவள் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் மற்றவர்கள் ராடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் கருவி செய்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடியின் கடைசி அறையில் அவள் மட்டும் ஒரு கடைவாய்ப் பல்லின் மேல் மாட்டக்கூடிய வெள்ளி வளையத்தை இழைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை மோதிரத்தைவிடச் சிறிய வளையம். ஆய்வுக் கட்டுரைகளில் அதற்குப் பெயர் ஒத்ததிர்வி. அறையில் எல்லோரும் லூப் என்றுதான் சொல்வார்கள்.

விஷயம் இதுதான். கதிர்வீச்சு பட்ட உடம்பில் சில எலக்ட்ரான்கள் ஜோடியை இழந்து தனியாக நின்றுவிடும். சதையிலும் ரத்தத்திலும் அப்படி நிற்பவை கண் இமைக்குமுன் மறைந்துவிடும். பல்லின் மேல் எனாமலில் மட்டும் ஆயுள் முழுக்க நிற்கும். பல்லைக் காந்தத்துக்கு நடுவில் வைத்துச் சரியான ரேடியோ அலையைக் கொடுத்தால் அவை பதில் சொல்லும். பிடுங்கிக் காயவைத்த பல்லில் அந்தப் பதிலைக் கேட்பது பழைய வித்தை. உயிரோடு இருக்கிறவரின் வாய்க்குள் கேட்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. எச்சில் அலையைக் குடித்துவிடும். நாக்கு கொஞ்சம் அசைந்தால் வளையத்தின் சுருதி கலைந்துவிடும். பெரிய அளவு கதிர்வீச்சு பட்டவர்களிடம் ஏதோ கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் பட்டவர்களிடம் இரைச்சல்தான் மிஞ்சும்.

டெல்பின் இதில் இறங்கியதற்குக் காரணம் அவள் அண்ணன் சிலுவை.

தென்கோடியில், செம்பாறைத்துறை என்ற மீன்பிடி ஊர் அவர்களுடையது. ஊரை ஒட்டி, கடற்கரைக் கருமணலைச் சலித்துக் கனிமம் பிரிக்கும் தனியார் ஆலை ஒன்று இருந்தது. மணல் கம்பெனி என்பார்கள். அந்த மணலில் கதிர்வீச்சு உண்டு. பிரித்துச் சேர்த்து வைத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சிலுவை மீன்பிடி வள்ளத்தை விட்டுவிட்டு அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய்ப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. மணலை வறுத்துக் காயவைக்கும் பிரிவில் அவனோடு நின்ற மரியசூசை நாற்பத்து மூன்று வயதில் ரத்தப் புற்றுநோயில் செத்துப்போனான். அவன் மனைவி இழப்பீடு கேட்டபோது கம்பெனி ஒரு பதிவேட்டை நீட்டியது. தொழிலாளிகள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு அட்டையின் பதிவேடு. மரியசூசையின் பெயருக்கு நேரே பதினான்கு வருடமும் பூஜ்யம்.

அன்று சிலுவை தங்கைக்குப் போன் செய்தான்.

“எங்க சட்டையில குத்தினாத்தானே மக்கா அதுல ஏறும்? அட்டை எல்லாம் சூப்பர்வைசருக்க மேசைக்குள்ளயே கெடந்துச்சு. விசாரிக்க ஆள் வாற அன்னைக்கு மட்டும் எடுத்துத் தருவானுவ.”

“அதச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே?”

“சொன்னோம். எழுத்துல ஏதும் இருக்கான்னு கேக்கான் வக்கீல். எங்ககிட்ட எழுத்துல என்ன இருக்கும்? ஒனக்க படிப்புல இதுக்கு ஒரு வழியும் இல்லியா?”

ஒரு வழி இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. அது ஆறு வருடத்தைத் தின்னும் என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

இருபத்தேழாவது வளையம்தான் வேலை செய்தது. பல்லின் வளைவுக்கு ஏற்ப இழைத்து, எச்சில் பக்கம் அலை சிந்தாதபடி மறைப்பு வைத்து, மூச்சிலும் நாக்கசைவிலும் சுருதி விலகிய கணமே தானாகத் திருத்திக்கொள்ளும் இன்னொரு சுருளை அதன் முதுகில் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனதால் மட்டும் ஏறியதைக்கூட அது சொல்லியது. உலகத்தில் வேறு எந்த வளையத்துக்கும் அந்தக் காது இல்லை.

முதல் வாய் சிலுவையுடையது. சென்னைக்கு ரயிலில் வந்து, இரண்டு காந்தங்களுக்கு நடுவில் கன்னத்தைக் கொடுத்து, வாயைத் திறந்தபடி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தான். வளையத்தை எடுத்ததும் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டான்.

“எவ்வளவு?”

“நானூத்திப் பன்னெண்டு மில்லிகிரே.”

“நல்ல மார்க்கா?”

டெல்பினுக்குச் சிரிப்பு வரவில்லை. “இங்க தெருவுல போற ஒங்க வயசுக்காரருக்கு அம்பது இருக்கும். நம்ம ஊர் மணல்ல சும்மா குடியிருந்தா நூறு, நூத்தம்பது. மிச்சம் அத்தனையும் கம்பெனி தந்தது.”

சிலுவை திரையிலிருந்த எண்ணை எட்டிப் பார்த்தான். பிறகு, ஆச்சரியமாக, அவன் முகம் மலர்ந்தது. “அப்போ எழுத்துல வந்தாச்சு” என்றான்.

வழக்கை எடுத்து நடத்தியவர் பத்மினி என்ற வழக்கறிஞர். நாற்பத்தொரு தொழிலாளிகளை அளந்தார்கள். முப்பத்து நான்கு பேருக்கு முந்நூற்றுக்கு மேல் இருந்தது. பதிவேட்டில் பூஜ்யம் வாங்கிய ஆட்களின் பற்கள், வேலையில் சேர்ந்த வருடத்துக்கு ஏற்ப வரிசையாக ஏறிக்கொண்டே போயின. கம்பெனியின் வக்கீலால் அந்த வரிசையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இழப்பீட்டு ஆணையர் நிதானமான மனிதர். கடைசி நாள் சாட்சிக் கூண்டில் நின்ற டெல்பினிடம் அவரே நேராகக் கேட்டார்.

“எவ்வளவுக்கு மேலே போனால் ஆபத்து?”

“அது படி மாதிரி இல்லைங்க. சரிவு மாதிரி. ஏற ஏற ஆபத்தும் ஏறும். இதோ இங்கேன்னு கோடு போட முடியாது.”

“சரிவை வைத்துக்கொண்டு நான் உத்தரவு எழுத முடியாதம்மா. ஒரு எண் சொல்லுங்கள்.”

டெல்பின் பத்மினியைப் பார்த்தாள். பத்மினியின் பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. எந்த எண்ணைச் சொன்னால் தன் ஆட்களில் அதிகம் பேர் உள்ளே வருவார்கள் என்று டெல்பினின் மனம் கணக்குப் போட்டது. விஞ்ஞானம் போட்ட கணக்கு அல்ல அது. அவளுக்கே அது தெரியும்.

“முந்நூறு மில்லிகிரே” என்றாள்.

மரியசூசையின் மனைவிக்கும் நோய் கண்ட இன்னும் பத்துப் பேருக்கும் இழப்பீடு கிடைத்தது. உத்தரவின் இரண்டாம் பாகத்தை ஆணையர் நல்லெண்ணத்தோடு எழுதியிருந்தார். ஆலையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வருடந்தோறும் இந்தக் கருவியில் பல் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெயில் படும் முன்பல் சரியாகப் பேசாது. முந்நூற்றைத் தாண்டிய யாரையும் அங்கே வேலைக்கு வைக்கக் கூடாது.

கம்பெனி மேல்முறையீடு செய்யும் என்று பத்மினி தயாராக இருந்தார். செய்யவில்லை. “ஆச்சரியமா இருக்கு. அவங்களா இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டாங்க?” என்று போனில் சொன்னார். டெல்பினும் ஆச்சரியப்பட்டாள். அந்த வருடம் அவளுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. அவள் நிறுவனம் மூன்று கருவிகள் செய்து, ஒன்றை மணல் கம்பெனியின் வாசலிலேயே வைத்தது.

அதற்குப் பிறகு நடந்தது விருது கொடுத்தவர்கள் காதுக்கு எட்டவில்லை.

ஆலையில் எழுநூறு பேர். முதல் வருடமே முந்நூற்றெண்பது பேர் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். நோய் வந்தவர்களுக்குத்தான் இழப்பீடு. இவர்களுக்கு நோய் இல்லை. எண்தான் இருந்தது. கம்பெனி வடக்கிலிருந்து சுத்தமான பல்லோடு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் மனுப் போட்டபோது அங்கேயும் பல் சான்றிதழ் கேட்டார்கள். கம்பெனி வாசலில் போட்ட எண் எங்கே போனாலும் முன்னால் போய் நின்றது. மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் காப்பி குடித்து முடித்ததும், “மாப்பிள்ளைக்க நம்பர் என்ன?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

சிலுவை இதில் எதையும் தங்கையிடம் சொல்லவில்லை. அவனும் அந்த முந்நூற்றெண்பது பேரில் ஒருவன் என்பதைக்கூட. மூன்றாம் வருடம் ஈஸ்டருக்கு டெல்பின் ஊருக்குப் போனபோதுதான் பார்த்தாள்.

அவன் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. ஐம்பத்தொரு வயதுக்காரன் எழுபதாகத் தெரிந்தான். அவன் மனைவி லீலா எல்லோருக்கும் கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறினாள். அவனுக்கு மட்டும் கிழங்கை மாவாக மசித்து வைத்தாள்.

“என்ன மைனி, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லியா?”

லீலா புருஷன் பக்கம் திரும்பினாள். “காட்டுங்க. ஒங்க தங்கச்சிதானே. வாயத் தெறந்து காட்டுங்க.”

சிலுவை முகத்தைத் திருப்பினான். லீலா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். கீழே இரண்டு பக்கமும், மேலே ஒரு பக்கமும் கடைவாய் மொட்டையாக இருந்தது. ஈறு ஆறாமல் சிவந்து கிடந்தது.

“கீழ உள்ள பல்லு நானூத்துச் சொச்சம் காட்டிச்சு இல்லியா. அதப் புடுங்கிட்டா மத்தது கொறையும்னு எல்லாரும் சொன்னானுவ. புடுங்கினேன். மறுபக்கமும் அதே நம்பர். அதையும் புடுங்கினேன். பெறகு மேலயும் ஒரு பக்கம்” என்றான் சிலுவை.

டெல்பின் தட்டைத் தள்ளி வைத்தாள். “அண்ணே, அது சொத்தப் பல்லு இல்ல. பல்லுக்குள்ள ஒரு விஷமும் இல்ல. ஒடம்பு பூராவும் பட்டது பல்லுல எழுதியிருக்கு, அவ்வளவுதான்.”

“எழுதினத அழிக்கத்தானே செஞ்சோம்” என்றான் சிலுவை. “இனி ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதுவும் போச்சுன்னா வாசலுக்கே வராதேன்னு சொல்லிட்டானுவ. கடவாய்ப் பல்லு இல்லாதவனுக்கு டெஸ்ட் இல்ல, டெஸ்ட் இல்லாதவனுக்கு வேல இல்ல.”

“அது ஒங்க உசுரக் காக்கத்தான் அண்ணே.”

“உசுரு இருக்கு மக்கா. அத வச்சு என்ன செய்யச் சொல்லுத? வள்ளத்துல ஏறப் போனேன், எனக்க வயசப் பாத்துட்டு ஒருத்தனும் ஏத்தல. செங்கச் சூளைக்குப் போனேன், மூணாம் நாள் முதுகு ஒத்துக்கல. எனக்குத் தெரிஞ்ச வேல அங்கதான் இருக்கு.” தட்டிலிருந்த கிழங்கை விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிராமல் கேட்டான். “அந்த மெஷினுக்குக் காது ரொம்பக் கூர்மைன்னு சொன்னே இல்லியா. கொஞ்சம் மந்தமாக்க முடியாதா?”

அவள் முடியாது என்றாள். கோபமாகவே சொன்னாள். அந்தக் காதுக்காக ஆறு வருடம் போயிருக்கிறது, அது மட்டும் இல்லையென்றால் மரியசூசையின் பெண்டாட்டி இன்னும் கோர்ட்டு வாசலில் நின்றிருப்பாள் என்றாள். சிலுவை தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவன் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பகலில் பஸ் ஏறுவதற்காகச் சந்தி முக்குக்கு வந்தாள். அங்கே பழைய டைலர் கடை இருந்த இடத்தில் ஒருவன் பல் பிடுங்கும் கடை போட்டிருந்தான். வாசல் பெஞ்சில் நான்கைந்து ஆண்கள் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து நின்றார். நாற்பத்தொரு பேரில் ஒருவர், வழக்கு ஜெயித்த அன்று கோர்ட்டு வாசலில் அவளுக்கு மாலை போட்டவர். வாயில் ரத்தம் ஊறிய துணி அடைத்திருந்ததால் பேச முடியவில்லை. மரியாதையாகக் கை கூப்பினார்.

டெல்பின் அந்த பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸில் போகும்போது அவள் முடிவு செய்திருந்தாள்.

செய்வதற்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வளையத்தின் காது, பல்லை ஒட்டி உட்கார்ந்தால்தான் கேட்கும். ஒரு மயிரிழை விலகினாலும் சட்டென்று மங்கும். அதுவரை உதவியாளர்களை அனுப்பிவந்த கருவிச் சரிபார்ப்புக்கு அடுத்த முறை அவளே போய், வளையத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு டெஃப்லான் தாளை வைத்து ஒட்டினாள். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தொற்று பரவாமல் இருக்க உறை என்று எழுதிக் கொடுத்தாள். நல்ல காரணம். யாருக்கும் மறுக்கத் தோன்றாது. அந்தத் தாள் நூற்றுக்கு நாற்பதைத் தின்றது. நானூற்றுப் பன்னிரண்டு இருநூற்று நாற்பத்தேழு ஆனது.

சிலுவை மிச்சமிருந்த ஒற்றைக் கடைவாய்ப் பல்லோடு வாசலைத் தாண்டினான். அவன் பின்னால் ஒவ்வொருவராக முக்கால்வாசிப் பேர் உள்ளே போய்விட்டார்கள். சந்தி முக்கில் பல் பிடுங்குகிறவன் கடையை மூடிக்கொண்டு வேறு ஊர் போனான். மெஷின் எப்படித் தணிந்தது என்று யாரும் வெளியே பேசவில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் சென்னையில் அவள் பெயருக்கு, ஐஸ் போட்ட பெட்டியில் அரை ஆள் நீளத்துக்கு ஒரு நெய்மீன் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை.

முதல் சில மாதங்கள் டெல்பின் பயந்துகொண்டிருந்தாள். கருவியோடு ஒரு சோதனைப் பல்லும் கொடுத்திருந்தாள். சரியாக முந்நூறு ஏற்றி வைத்த பல். மாதம் ஒருமுறை அதை மாட்டிப் பார்த்துக் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று கம்பெனி குறித்து வைக்க வேண்டும். மாட்டினால் குட்டு உடைந்துவிடும். புகார் எதுவும் வரவில்லை. சோதிப்பதே இல்லை போலிருக்கிறது, அவர்கள் லட்சணம் தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டாள். அவர்களுடைய அலட்சியத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நன்றி சொன்னாள்.

மூன்று வருடம் கழித்துச் சிலுவைக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. பிறகு தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. ரத்தம் பார்த்த டாக்டர் உட்காரச் சொல்லிவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். மரியசூசைக்கு வந்த அதே பெயர்.

பத்மினி மறுபடியும் மனுப் போட்டார். இந்த முறை கம்பெனி பதிவேட்டைக் காட்டவில்லை. உத்தரவுப்படி எடுத்த பல் சான்றிதழ்களைக் காட்டியது. இருநூற்று நாற்பத்தேழு, இருநூற்று ஐம்பத்தொன்று, இருநூற்று ஐம்பத்தாறு, இருநூற்று அறுபது. ஒவ்வொரு வருடமும் வரம்புக்குள். முந்தைய நானூற்றுப் பன்னிரண்டு ஆரம்பகாலக் கருவியின் பிழை என்று ஒரு வரி. சாட்சிப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்: கருவியை வடிவமைத்தவர், முனைவர் டெல்பின். கம்பெனியின் சாட்சியாக.

சம்மன் கையில் வந்த அன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் சொல்லும்முன்பே சிலுவைக்குச் சம்மன் விஷயம் தெரிந்திருந்தது.

“ஒண்ணும் சொல்லிராதே” என்றான். உதடு வெடித்திருந்ததால் மெதுவாகத்தான் பேச வந்தது. “எனக்கு ஒருத்தனுக்கு வேண்டி நீ வாயத் தெறந்தா, உள்ள நிக்கிற அத்தன பேரும் வெளிய வருவானுவ. மறுபடியும் பல்லப் புடுங்குவானுவ. மெஷின் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போ.”

“அப்போ ஒங்க கேஸ் போயிரும் அண்ணே.”

“நானே போறேன். கேஸ் போனா என்ன?”

விசாரணை அன்று காலை நீதிமன்ற வராந்தாவில் அவள் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தாணுமாலயன். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. கருவி வைத்த நாளிலிருந்து அவர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறவர். ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. கையிலிருந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே சுவரைப் பார்த்தபடி பேசினார்.

“நீங்க உள்ள போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன் மேடம். நான் சொன்னதா வெளிய சொல்லிராதீங்க. அந்தத் தாளு வச்சீங்க இல்லியா, மொத மாசமே தெரிஞ்சு போச்சு.”

டெல்பின் திரும்பினாள்.

“சோதனைப் பல்லு முந்நூறு காட்டணும். நூத்தி எம்பது காட்டிச்சு. ஒவ்வொரு மாசமும் நான் தவறாம மாட்டிப் பாப்பேன். எழுதி மேல கொடுத்தேன். அந்த பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு, மெஷின் நல்லாத்தான் இருக்கு, யாரும் தொடப்பிடாதுன்னு சொன்னாங்க.”

“ஏன்?” என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் புரியத் தொடங்கியிருந்தது.

“வடக்கருந்து வந்தவனுவளுக்கு வேல ஓடல. பழைய ஆளுவ திரும்பக் கெடச்சானுவ. அதுபோக, பூஜ்யம் போட்ட பழைய அட்டைய ஒருத்தனும் நம்பமாட்டான். உங்க மெஷின் போட்ட நம்பர எல்லாரும் நம்புவான். நாளைக்கு எவனுக்கு எது வந்தாலும் காட்டுறதுக்கு அவங்க கையில உங்க கையெழுத்து இருக்கு.” குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீங்க நல்லது நெனச்சுத்தான் செஞ்சீங்க. எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும்.”

டெல்பின் கூண்டில் ஏறினாள். கம்பெனியின் வக்கீல் இளைஞர். மிகுந்த மரியாதையோடு அவளுடைய விருதைப் பற்றி ஆணையருக்குச் சொன்னார். இப்போது வேறு ஆணையர். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆலை வாசலில் உள்ள கருவி சரியாக வேலை செய்கிறதா?”

அண்ணனின் வெடித்த உதடு அவள் கண்முன் வந்தது. ஆலைக்குள் நிற்கிற அத்தனை பேரும் வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் வருடத்துக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கும் சுத்தமான எண்கள் வந்தன. இன்று ஆமாம் என்றால் இனி நோய் வரப்போகிற ஒவ்வொருவருக்கும் அவள் வந்து இதே கூண்டில் நின்று ஆமாம் சொல்ல வேண்டும்.

“இல்லை” என்றாள். “நான்தான் அதைக் கெடுத்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். தாளின் கனம், அது தின்ற அளவு, எழுதிக்கொடுத்த பொய்க் காரணம். உண்மையான எண்ணைப் பெற நான்கு சான்றிதழையும் எதனால் பெருக்க வேண்டும் என்றும் சொன்னாள். தாளை எடுத்துவிட்டு இன்றே அளந்தால் சிலுவையின் பல் நானூற்று முப்பதைத் தாண்டும் என்றாள்.

இளம் வக்கீல் ஒரு நிமிடம்தான் தடுமாறினார். பிறகு அவர் குரலில் மரியாதை இன்னும் கூடியது.

“மனுதாரர் உங்களுக்கு என்ன உறவு?”

“கூடப்பிறந்த அண்ணன்.”

“அவருக்காக எண்ணைக் குறைத்தீர்கள். இப்போது அவருக்காகவே கூட்டுகிறீர்கள். முதல் வழக்கில் நாற்பத்தொரு பேருக்கு நீங்கள் சொன்ன எண்கள் யாருக்காக?”

பத்மினி எழுந்து ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபணை ஏற்கப்பட்டது. ஆனால் கேள்வி அறையிலேயே நின்றுவிட்டது. வேறு யாராவது அளக்கட்டும் என்று பத்மினி கேட்டார். யார் அளப்பது, எதை வைத்து? இருந்த மூன்று கருவிகளும் அவள் கையால் செய்தவை. மிச்சமிருந்த ஒரு பல்லைப் பிடுங்கிப் பழைய முறையில் பார்க்கலாம் என்றால், தொட்டாலே ரத்தம் கசியும் சிலுவையின் வாயில் கை வைக்க டாக்டர்கள் சம்மதிக்கவில்லை. கம்பெனி தன் பங்குக்கு, இப்படி ஒரு மோசடி நடந்தது தங்களுக்கு இன்றுதான் தெரியும் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. அதை மறுத்துச் சொல்லக்கூடிய தாணுமாலயன் வராந்தாவில் இல்லை.

சிலுவையின் மனு தள்ளுபடியானது. பல் அளவீடு ஆதாரமாக ஏற்கத்தக்கதல்ல என்று உத்தரவு வந்தது. பதினோரு குடும்பங்களுக்குக் கொடுத்த இழப்பீட்டை மறுபரிசீலனை செய்யக் கம்பெனி மனுப் போட்டது. கருவிகள் மூன்றையும் அட்டைப்பெட்டியில் வைத்துச் சீல் போட்டார்கள். நிறுவனம் டெல்பினை வேலையிலிருந்து நிறுத்தியது. இரண்டாம் மாடி அறையைச் செயற்கைக்கோள்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் ஊரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துகொண்டேதான் செம்பாறைத்துறையில் இறங்கினாள். ஊர் அவளைக் கொண்டாடியது. வாசலில் மெஷின் இல்லை, வரம்பு இல்லை, கடைவாய்ப் பல் இல்லாதவனுக்கும் வேலை. டீக்கடையில் அவளிடம் ஒருவரும் காசு வாங்கவில்லை. “ஒனக்க வேலையக் களஞ்சு எங்களுக்கு வேல வாங்கித் தந்துட்டியே மக்கா” என்று ஒரு பெரியவர் அவள் தலையில் கை வைத்தார். அவள் வாயெடுத்து விளக்கப் பார்த்தாள். அவர் கேட்க நிற்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.

அதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டிருந்த சிலுவை அதையெல்லாம் உயிரோடு இருந்து பார்த்தான். பேசத்தான் முடியவில்லை. சொல்லாதே என்று சொன்னதை அவள் கேட்காததற்காக அவன் கோபப்பட்டானா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், லீலா கஞ்சி எடுக்க அடுக்களைக்குப் போன நேரத்தில் போய்விட்டான்.

அடக்கத்துக்குக் கம்பெனி மலர்வளையம் அனுப்பியது. முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் ஒரு கடிதமும் அனுப்பியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஊழியரின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் ஒரு வேலை. காயவைக்கும் பிரிவில், ஒப்பந்த முறையில். வேறு வழி எதையும் யாராலும் லீலாவுக்குச் சொல்ல முடியவில்லை. டெல்பினாலும் முடியவில்லை.

முதல் நாள் காலை அவளோடு வாசல்வரை டெல்பினும் நடந்தாள். ஆறு மணி வெயில் மணலில் இறங்கியிருந்தது. உள்ளே போகிறவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். மெஷின் இருந்த அறையில் இப்போது சைக்கிள்கள் நின்றன. லீலா தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

“நீ படிச்சவளாக்கும். இதுக்க உள்ள நிக்கும்போ நான் எப்பிடி நிக்கணும்? பாத்து நிக்க ஏதும் வழி உண்டா?”

அத்தனை வருடப் படிப்பிலும் தேடி எடுத்துக் கொடுக்க டெல்பினிடம் ஒன்றுதான் இருந்தது.

“வறுக்கிற எடத்துல தூசி பறக்கும் மைனி. துவர்த்த நல்லா நனைச்சு மூக்கையும் வாயையும் சேத்து இறுக்கிக் கெட்டுங்க. அங்க நிக்கிற நேரம் பூரா வாய மட்டும் தெறந்திராதீங்க.”

“அது இங்க எல்லாருக்கும் தெரியும்” என்றாள் லீலா. சங்கு ஊதியது. துவர்த்தின் முனையைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டு, மற்றவர்களோடு உள்ளே போனாள்.